திறக்கக் கூடாத கவுன் பெட்டி

சலவைத் தொழிலில் இருப்பவர்களுக்கு ஒரு சலுகை உண்டு. ஊரில் எந்தக் குடும்பத்தின் மானமும் முதலில் எங்கள் கவுண்டருக்குத்தான் வந்து சேரும், அதுவும் துவைக்காமல்.

எண்பதுகளின் கடைசியிலிருந்து தொண்ணூறுகளின் நடுப்பகுதி வரை, அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு டிரை கிளீனிங் கடையில் நான் கவுண்டரில் நின்றேன். துணியை வாங்கி உதறுவது, பட்டன் எண்ணுவது, உள்பக்கம் நம்பர் துணி தைப்பது, பில் போடுவது, திருப்பிக் கொடுக்கும்போது திட்டு வாங்குவது, இவ்வளவும் என் வேலை. மருந்துக்கடை, ரேஷன் கடை, துணிக்கடை என்று எந்தக் கவுண்டருக்குப் பின்னால் நின்று பிழைத்தவராக இருந்தாலும் நீங்கள் எனக்குச் சொந்தம்தான். கவுண்டருக்கு முன்னால் மட்டுமே நின்று பழகியவர்கள் இதைப் படித்துக் கோபப்படுவதாக இருந்தால், பில்லைக் காட்டிவிட்டுக் கோபப்படவும்.

கேரண்டி

எங்கள் முதலாளி நல்ல மனிதர், யோசனை எதுவும் வராத நாட்களில். ஒரு நாள் யாரோ வாடிக்கையாளர் வீட்டில் வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றைப் புரட்டியிருக்கிறார். அதில் ஒரு கல்யாண கவுனைச் சுத்தம் செய்து, மடித்து, பெட்டியில் வைத்து, காலத்துக்கும் ஞாபகமாக வைத்திருப்பதுபோல் ஒரு படம். பக்கத்தைக் கிழித்துக்கொண்டு வந்துவிட்டார். படத்துக்குக் கீழே பொடி எழுத்தில் என்னென்னவோ இருந்தது. அதை அவர் படிக்கவில்லை. விஷயமெல்லாம் அங்கேதான் இருந்திருக்கும் என்பது என் சந்தேகம்.

இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் செருப்புப் பெட்டி செய்கிறவரிடம் சொல்லிப் பெரிய அட்டைப் பெட்டிகள் வந்தன. மூடியில் ஜன்னல் வெட்டி, ஸ்வீட் பாக்ஸில் ஒட்டுகிற கண்ணாடிக் காகிதத்தை ஒட்டினார்கள். பெயர், 'கல்யாண நினைவுப் பெட்டி'. கவுனோ கூறைப் புடவையோ கொடுத்தால், சுத்தம் செய்து உள்ளே வைத்து, ஓரமெல்லாம் டேப் ஒட்டி, அரக்கில் முத்திரை போட்டுத் தருவோம். நூறு வருஷ கேரண்டி. ஒரே நிபந்தனை, பெட்டியைத் திறக்கக் கூடாது. திறந்தால் காற்றுப் பட்டுத் துணி கெட்டுவிடும், கேரண்டியும் செல்லாது. "சார், நம்ம கடைக்கு லீஸே மூணு வருஷம்தானே?" என்று கேட்டேன். முதலாளி என்னை ரொம்பப் பரிதாபமாகப் பார்த்தார்.

"நூறு வருஷம் கழிச்சு பில்லை எடுத்துக்கிட்டு எவன் வரப் போறான் சரோஜா?"

போகக் கூடாத மஞ்சள்

முதல் பெட்டிக்குப் பட்டரவாக்கத்திலிருந்து ஒரு கூறைப் புடவை வந்தது. புதுப்பெண்ணே கொண்டுவந்து கொடுத்தாள். கறை எடுப்பதும் இஸ்திரி போடுவதும் முனுசாமி அண்ணன் பொறுப்பு. இருபது வருஷம் அந்தத் தொழிலில் இருந்தவர். கறை என்றால் அவருக்குச் சொந்தப் பகை. புடவையின் தோள் பக்கம் ஒரு மஞ்சள் கறை இருந்ததைப் பார்த்துவிட்டு, ஒரு பகல் முழுக்க அதோடு மல்லுக்கு நின்று, இருந்த இடமே தெரியாமல் எடுத்துவிட்டார்.

பெண் வந்தாள், புடவையைப் பிரித்தாள், தோள் பக்கத்தைத் தேடினாள், கவுண்டரிலேயே அழ ஆரம்பித்துவிட்டாள். தாலி கட்டும்போது அவள் வீட்டுக்காரர் கையிலிருந்து ஒட்டிய மஞ்சளாம் அது. அதற்காகத்தான் பெட்டியே கேட்டாளாம். மற்றபடி புடவைக்கு என்ன, காசு கொடுத்தால் காஞ்சிபுரத்தில் கிடைக்கிறது. "கொஞ்சம் மஞ்சத்தூள் கரைச்சு அதே எடத்துல வெச்சுத் தந்துடட்டாம்மா?" என்று முனுசாமி அண்ணன் கேட்டார். அவள் அழுகை இரண்டு மடங்கானது. அவள் போன பிறகு அவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு என்னிடம் சொன்னார்.

"இருவது வருசமா கறை போவலன்னு திட்டு வாங்கிகினு கீறேன் தங்கச்சி. கறை பூட்ச்சுன்னு திட்டு வாங்கறது இன்னிக்குத்தான்."

எஸ்தரம்மாவின் கவுன்

அன்றிலிருந்து பில்லில் நானே கையால் ஒரு வரி சேர்த்து எழுத ஆரம்பித்தேன், 'இருக்க வேண்டிய கறை' என்று. கேட்டுக் கேட்டு எழுதிக்கொள்வேன். ஒருவர் சந்தனம் என்பார், ஒருவர் குங்குமம் என்பார். ஒருவர் வடைகறி என்றார், காரணம் கேட்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஆவடியிலிருந்து எஸ்தரம்மா வந்தார். ஆட்டோவில் ஒரு ஓரம் அவர், மறு ஓரம் புது மருமகள் ஹெலன், நடுவில் கவுன். கல்யாணமாகிப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. அவர்கள் வழக்கத்தில் மணப்பெண்ணின் உடுப்பை மாப்பிள்ளை வீட்டார் எடுத்துத் தருவார்கள். எடுத்துத் தந்தால் தந்ததுதான் என்று நீங்களும் நானும் நினைப்போம். எஸ்தரம்மாவுக்கோ, அது ஹெலன் மேல் மூன்று மணி நேரம் மாட்டி வைத்திருந்த அவருடைய சொத்து. பில்லைத் தன் பெயரில் போடச் சொன்னார், பெட்டியைத் தன்னிடம் மட்டும்தான் தர வேண்டும் என்றார். நான் ஹெலனைப் பார்த்து, இருக்க வேண்டிய கறை ஏதாவது உண்டா என்று கேட்டேன். அந்தப் பெண் வாயைத் திறப்பதற்குள் எஸ்தரம்மா பதில் சொல்லிவிட்டார்.

"கறை படற மாதிரி கண்ணாலம் எல்லாம் நாங்க பண்றதில்லம்மா. அதெல்லாம் இவங்க ஊட்டுப் பயக்கம்."

பில் இல்லாமல்

நான்கு நாள் கழித்து ஒரு மத்தியானம் ஹெலன் தனியாக வந்தாள். கவுன் துவைத்து முடிந்து உள்ளே ஹேங்கரில் தொங்கிக்கொண்டிருந்தது. மறுநாள் பெட்டியில் போட வேண்டும். கவுன் வேண்டும் என்றாள். பில் எங்கே என்றேன். பில் எஸ்தரம்மாவின் பைபிளுக்குள் இருந்தது. பில் இல்லாமல் கைக்குட்டை கூடத் தரக் கூடாது என்பது கடைச் சட்டம். அதைச் சொன்னேன்.

அவள் தங்கை லில்லிக்கு வேப்பம்பட்டு சர்ச்சில் அடுத்த வாரம் கல்யாணம். லில்லியின் மாப்பிள்ளை வீட்டில் கவுன் எடுக்க வசதியில்லை. அக்கா போட்ட கவுனை ஒரு நாள் போட்டுக்கொள்ளலாமா என்று லில்லி கேட்டிருக்கிறாள். எஸ்தரம்மாவிடம் கேட்டதற்கு, வெளியே கொடுத்தால் ராசி போய்விடும் என்று பதில் வந்திருக்கிறது. "நான் போட்டது மூணு மணி நேரம்கா. இனிமே நூறு வருஷம் சும்மாதானே தூங்கப் போவுது? அதுல ஒரு மூணு மணி நேரம் என் தங்கச்சிக்குக் குடுங்க" என்றாள். எனக்கும் ஒரு தங்கை உண்டு, மனசு இளகிவிட்டது. அதைவிட உண்மையான காரணம் ஒன்றும் உண்டு. அந்த 'இவங்க ஊட்டுப் பயக்கம்' எனக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

கவுனைச் சுற்றிக்கொண்டு போக ஆவடி வீட்டுக் கொடியிலிருந்து ஒரு வெள்ளைப் பெட்ஷீட்டை உருவிக்கொண்டு வந்திருந்தாள். மூலையில் நீல நூலில் ஒரு மயில் போட்டது. முனுசாமி அண்ணன் அதை வாங்கிக்கொண்டு, கவுனைப் பழுப்புக் காகிதத்தில் சுற்றி அவளிடம் கொடுத்தார். பெட்ஷீட்டைக் கஞ்சி போட்டுத் தேய்த்து, கவுன் கனத்துக்கு மடித்துப் பெட்டியில் வைத்தார். ஜன்னல் வழியாகத் தெரிவதற்கு, தலையில் போடுகிற வலைத்துணியை மட்டும் ஹெலனிடமிருந்து வாங்கி மேலே பரப்பினார். யார் பார்த்தாலும் உள்ளே கவுன் இருக்கிறது என்று சத்தியம் செய்வார்கள். லில்லியின் கல்யாணம் முடிந்ததும் கவுனைத் துவைத்து, வருஷத்துக்கு ஒருமுறை கடையிலிருந்து பெட்டியைப் பரிசோதிக்கப் போகும்போது மாற்றி வைத்துவிடுவது என்று திட்டம். அரக்கு வைத்துவிட்டு அவர் பெட்டியைத் தள்ளி நின்று பார்த்தார்.

"எத்தினியோ கவுனுக்கு மடிப்பு வெச்சிக்கீறேன், இவ்ளோ நீட்டா வந்ததில்ல. ஒரு பெட்ஷீட்டுக்கு வந்த யோகத்தப் பாரு தங்கச்சி."

ரோஸ் மில்க்

லில்லியின் கல்யாணம் நன்றாக நடந்தது. சர்ச்சை விட்டு வெளியே வரும்வரை கவுனுக்கு ஒன்றும் ஆகவில்லை. வரவேற்பில்தான் உறவுக்காரப் பெரியவர் ஒருவர், ஒரு கையில் ரோஸ் மில்க் டம்ளரைப் பிடித்துக்கொண்டு மறு கையால் ஆசீர்வாதம் பண்ணியிருக்கிறார். ஆசீர்வாதம் தலையில் விழுந்தது, ரோஸ் மில்க் இடுப்பிலிருந்து கீழே விழுந்தது.

கவுன் எங்களிடம் வந்தது. முனுசாமி அண்ணன் தனக்குத் தெரிந்த அத்தனை மருந்தையும் போட்டுப் பார்த்தார். அடர் ரோஸ் வெளிர் ரோஸானது, அதற்கு மேல் நகர மாட்டேன் என்றுவிட்டது. மஞ்சளை ஒரே நாளில் விரட்டிய மனிதர், இரண்டு நாள் எங்களோடு பேசவில்லை. இனி இதைப் பெட்டிக்குள் வைக்க முடியாது என்று ஹெலனிடம் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. எஸ்தரம்மா முதலாளியிடம் வந்து நின்றால் என் வேலை போகும், அவ்வளவுதான். அந்தப் பெண்ணோ ஆயுசுக்கும் அந்த வீட்டில்தான் குப்பை கொட்ட வேண்டும். ஆனால் அவள் அழவில்லை. கறையை ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டுக் காகிதத்தில் சுற்றிக்கொண்டாள்.

"லில்லி அழகா இருந்தாக்கா, அது போதும். அத்தை அந்தப் பொட்டியத் தொறக்காம இருக்கணும்னு மட்டும் உங்க சாமிகிட்டயும் சொல்லி வைங்க."

வருடாந்திரப் பரிசோதனை

முதலாளியின் திட்டப்படி வருஷத்துக்கு ஒருமுறை வீட்டுக்கே போய்ப் பெட்டியைப் பரிசோதிக்க வேண்டும். திறக்கக் கூடாத பெட்டியை எப்படிப் பரிசோதிப்பது? விரலால் நாலு பக்கமும் தட்டிப் பார்த்து, "நல்லா இருக்கு" என்று ஒரு அட்டையில் கையெழுத்துப் போடுவோம். ஊரில் டாக்டர்களே அப்படித்தான் செய்கிறார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன்.

ஆவடி வீட்டில் பெட்டி ஹாலில் ஷோகேஸின் தலைமேல் இருந்தது. அங்கிருந்த டி.வி. அதற்காகத் தரைக்கு இறக்கப்பட்டிருந்தது. பாஸ்டர் வந்து ஜெபம் பண்ணிவிட்டுப் போயிருந்தார். வருகிற விருந்தாளிகள் ஸ்டூல் மேல் ஏறி ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு இறங்கிக் காபி குடிப்பார்கள். தூசி தட்டும் பொறுப்பு ஹெலனுக்கு. காலையில் ஒரு தடவை, சாயந்திரம் ஒரு தடவை அந்தப் பெட்ஷீட்டுக்கு அவள் சேவை செய்துகொண்டிருந்தாள். நான் தட்டும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. அதற்குள் எதிர்வீட்டு அம்மாள் வாசலுக்கு வரவும், எஸ்தரம்மா போய்த் தன் வீட்டுக் கதவைப் படாரென்று சாத்தினார். அந்தக் கமலாவோடு பேச்சு வார்த்தை நின்று ஒரு வருஷம் ஆகிறதாம். அவளுக்குக் கை நீளமாம். பிறகு குரலைத் தாழ்த்தி, என் காதருகே வந்து சொன்னார்.

"இந்தப் பொட்டி மேலயும் அவளுக்கு ஒரு கண்ணு கீது. அதான் ராத்திரியானா கயித்துல கட்டி வெச்சிகினு கீறேன்."

சின்ன கவுன்

அடுத்த வருஷம் ஹெலனுக்குப் பெண் குழந்தை பிறந்தது. கல்யாண கவுனில் ரோஸ் மில்க் படாத மேல்பாதியைக் கத்தரித்து, பாப்பாவின் ஞானஸ்நானத்துக்குத் பாதம் தாண்டித் தொங்குகிற வெள்ளை கவுன் ஒன்றை அவளே தைத்தாள். பழைய கவுனின் கைகளிலிருந்த லேஸ், பாப்பாவின் கழுத்தைச் சுற்றி வந்தது. எஸ்தரம்மாதான் குழந்தையைக் கையில் ஏந்திக்கொண்டு சர்ச்சில் எல்லாருக்கும் முன்னால் நின்றார்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், ஒரு வாரத்தில் எஸ்தரம்மா அந்தச் சின்ன கவுனோடு என் கவுண்டரில் நின்றார். இதற்கும் ஒரு நினைவுப் பெட்டி வேண்டுமாம். பேத்தியின் முதல் உடுப்பு. நான் துணியை உதறினேன். பெரிய கவுனில் நான் தைத்த நம்பர் துணி, தையலுக்கு உள்ளே அப்படியே இருந்தது. உள்ளே முனுசாமி அண்ணன் இருமுகிற சத்தம் ரொம்ப நேரம் கேட்டது. எஸ்தரம்மா லேஸைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். பிறகு உதட்டைப் பிதுக்கினார்.

"நம்ம கவுன்ல கீற லேஸ் மாதிரியே கீது பாரு. ஆனா அந்தத் தரம் வராது. மருமவ எங்கனா கட்பீஸ்ல வாங்கியிருப்பா."

பெட்டி திறந்த நாள்

இப்படியே ஆறு வருஷம் ஓடியது. ஒருமுறை புதுப்பித்த லீஸும் முடியப் போகிற நேரம். முதலாளி யோசனை மாறி, செம்பரம்பாக்கம் பக்கம் மனை விற்கப் போய்விட்டார். மனைக்கு எத்தனை வருஷ கேரண்டி கொடுத்தாரோ தெரியாது. கடையை மூடும்வரை நானும் முனுசாமி அண்ணனும் இருந்த துணிகளைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தோம். விஷயம் தெரிந்து பலர் பெட்டிகளோடு வந்தார்கள். திறந்த பெட்டிகளிலெல்லாம் பட்டு மடிப்போடு கிழிந்திருந்தது, ஜரிகை கறுத்திருந்தது, வெள்ளை கவுன்கள் டீ வடிகட்டின துணி நிறத்துக்கு வந்திருந்தன. செருப்புப் பெட்டி அட்டையும் ஸ்வீட் பாக்ஸ் காகிதமும் தங்களால் முடிந்ததைச் செய்திருந்தன.

அந்த வாரத்தில் எஸ்தரம்மா வந்தார். பெட்டியைச் சுமந்துகொண்டு ஹெலன் பின்னால் வந்தாள். எஸ்தரம்மாவின் மகள் பியூலாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் கவுன் எடுக்கக் கூப்பிட்டபோது, எங்கள் வீட்டிலேயே இருக்கிறது என்று இவர் பெருமையாகச் சொல்லிவிட்டாராம். "திறந்தா கேரண்டி போயிடும்மா" என்று நான் கடைசியாக ஒரு முயற்சி செய்தேன். "கேரண்டி குடுத்தவனே பூட்டான், இன்னும் இன்னாம்மா கேரண்டி?" என்று அவரே அரக்கை உடைத்து டேப்பைக் கிழித்தார்.

மேலே இருந்த வலைத்துணி மஞ்சளாகிப் போயிருந்தது. அதை எடுத்தார். அடியில் பெட்ஷீட், நேற்றுத் தேய்த்த மாதிரி பளீரென்று இருந்தது. உதறினார். மூலையில் நீல மயில் விரிந்தது. அவர் கத்தவில்லை. மயிலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"லில்லி கல்யாணத்துக்குக் குடுத்துட்டேன் அத்தை" என்றாள் ஹெலன். "அங்க கறையாயிடுச்சு. மீதியில நம்ம பாப்பாவுக்குத் தெச்சேன். சர்ச்சுல நீங்கதான் தூக்கிகினு நின்னீங்க." எனக்கும் பங்கு உண்டு என்று நானும் சொன்னேன். எஸ்தரம்மா எங்கள் இரண்டு பேரையும் பார்க்கவில்லை. மெதுவாக ஸ்டூலில் உட்கார்ந்தார். அந்த மயிலை அவரே தைத்தாராம். கொடியில் காய்ந்த அந்தப் பெட்ஷீட் காணாமல் போன அன்றுதான் கமலா வீட்டு வாசலில் நின்று, தெருவே கேட்க, திருடி என்று கூவியிருக்கிறார். சர்ச்சில் சொல்லியிருக்கிறார். தண்ணீர் லாரி வரிசையில் சொல்லியிருக்கிறார். ஆறு வருஷமாக, சலிக்காமல்.

வாசல் பக்கம் யாரோ வருகிற சத்தம் கேட்டதும் எஸ்தரம்மா சட்டென்று எழுந்து, மயில் உள்ளே போகும்படி பெட்ஷீட்டை மடித்தார். அத்தனை வருஷத்தில் அவர் தன் கையால் மடித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. பெட்டியில் வைத்து, மஞ்சள் வலையை மேலே போட்டு, மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டார். ஹெலன் தானாகவே வந்து மறுபக்கம் பிடித்தாள். மாமியாரும் மருமகளும் ஒரு வேலையைச் சேர்ந்து செய்ததையும் நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"கவுன மாப்ள ஊட்லயே எடுக்கச் சொல்லிக்கறேன். கமலாவுக்கு இது தெரிஞ்சா நான் அந்தத் தெருவுல நடக்க முடியாது. இன்னா பாத்துகினு கீற சரோஜா, நூறு வருசத்துக்கு ஒட்டு!"

எங்கள் கடை கேரண்டி கொடுத்து ஒட்டிய பெட்டிகளில், சொன்ன சொல் தவறாமல் இன்றைக்கும் வெள்ளை மாறாது பத்திரமாக இருப்பது, ஆவடியில் ஷோகேஸ் மேல் இருக்கிற அந்தப் பெட்ஷீட் ஒன்றுதான்.